கொடைக்கானலில் ஒரு முழு நாள் போர்டு கேம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆறு நண்பர்கள், ஒரு மலைவீடு, காலைக் காப்பி முதல் இரவுச் சாப்பாடு வரை போர்டு கேம், அதாவது மேசையில் பலகை, காய், சீட்டு வைத்து ஆடும் ஆட்டங்கள். கேட்பதற்கு இதைவிட எளிய திட்டம் இல்லை. 2024 ஜூனில் இதற்கென்றே சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குப் போனோம். இரண்டு நாளில் மேசையில் உட்கார்ந்து ஆடியது மொத்தம் மூன்றரை மணி நேரம். மீதி நேரம் சோதனைச்சாவடியிலும், அறைக்குக் காத்திருப்பதிலும், விதிப்புத்தகம் படிப்பதிலும், “வந்ததுதான் வந்தோம், தூண் பாறையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்” என்பதிலும் போய்விட்டது. மூன்றாவது முறை, இந்தப் பிப்ரவரியில், பதினொரு மணி நேரம் ஆடினோம். இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்தப் பதினொரு மணி நேரம் முதல் முறையே கிடைக்க வேண்டும்.

கணக்குகள் எல்லாம் சென்னையிலிருந்து போகும் ஆறு பேருக்கானவை. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகிறவர்களுக்கும் வீடு, ஆட்டம், சாப்பாடு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. ஒரு நாள் ஆடுவதற்கு இரண்டு இரவு எடுங்கள்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இது தவறினால் மற்ற எதுவும் கைகொடுக்காது. காட்டேஜ்களில் பொதுவாகப் பகல் 12 அல்லது 1 மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். மறுநாள் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். ஓர் இரவு மட்டும் எடுத்தால், பயணக் களைப்போடு ஒரு மாலைப்பொழுது மட்டுமே கையில் மிஞ்சும். இரண்டு இரவு எடுத்தால் நடுவில் ஒரு முழு நாள், யாரும் கதவைத் தட்டாத நாள், கிடைக்கும். அந்த நாளுக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறீர்கள்.

எங்களுக்குச் சரியாக வந்த வரிசை இது: வியாழன் இரவு ரயில், வெள்ளி காலை வேனில் மலைக்கு, சனிக்கிழமை முழுக்க ஆட்டம், ஞாயிறு காலை காலி செய்து இறக்கம், அன்று இரவே ரயில். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் விடுப்பு. வார நடுவில் விடுப்புக் கிடைக்கும் என்றால் இன்னும் நல்லது. வாடகையும் குறையும், மலைப்பாதையில் நெரிசலும் இருக்காது.

ஊர் பார்க்கும் ஆசையை வெள்ளிக்கிழமை காலையிலேயே தீர்த்துவிடுங்கள். எப்படியும் 9 மணிக்கெல்லாம் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், அறை கிடைக்க 12 ஆகும். பைகளைக் காட்டேஜில் வைத்துவிட்டு ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று சுற்றிவிட்டு வாருங்கள். சனிக்கிழமை யாராவது ‘ஏரிக்குப் போகலாமா’ என்று ஆரம்பித்தால், ‘நேற்றே பார்த்தாயிற்று’ என்ற ஒரு பதில் போதும்.

2. எந்த மாதம்

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. வானம் தெளிவாக இருக்கும், காற்றில் ஈரம் குறைவு. இரவில் நல்ல குளிர் உண்டு. ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம்.

ஏப்ரல், மே வேண்டாம். வாடகை இரட்டிப்பாகும், வாகனக் கட்டுப்பாடும் அப்போதுதான் கடுமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டாவது முறை நாங்கள் அக்டோபரில் போனோம். இரண்டு நாள் மூடுபனியில் சீட்டுகள் ஈரம் இழுத்து, அப்பளம்போல வளைந்துவிட்டன. கலைக்கவே முடியவில்லை. மழைக்காலத்தில் போயே ஆக வேண்டும் என்றால், மருந்துப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, ஆட்டப் பெட்டிக்கு இரண்டு போடுங்கள்.

3. வீடு பிடிக்கும்போது கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்து வீடு பிடிக்காதீர்கள். படத்தில் பள்ளத்தாக்கு இருக்கும், பூந்தொட்டி இருக்கும், மேசை இருக்காது. முதல் முறை நாங்கள் தங்கிய வீட்டில் மூன்று பேர் உட்காரும் வட்ட மேசை ஒன்றுதான் இருந்தது. கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். கொடைக்கானல் தரையின் சில்லிப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியவில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள்.

மேசை எவ்வளவு பெரியது? ஆறு பேருக்குக் குறைந்தது ஐந்தடிக்கு மூன்றடி வேண்டும். சாப்பாட்டு மேசையின் படத்தைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஆறு நாற்காலி, முதுகு சாய்கிற நாற்காலி, இருக்கிறதா என்றும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

மேசைக்கு மேலே என்ன விளக்கு? இதை யாரும் கேட்பதில்லை. மலைவீடுகளில் அழகுக்காக மஞ்சள் விளக்கு போட்டிருப்பார்கள். கட்டான் என்பது பலகையில் சாலையும் வீடும் கட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். அதில் சிவப்பு, ஆரஞ்சு இரண்டு நிறத்திலும் காய்கள் உண்டு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. என் தோழி ஒருத்தி பக்கத்தில் இருந்தவருடைய சாலையைத் தன்னுடையது என்று நினைத்து அதிலிருந்து வீடு கட்டிக்கொண்டே போனாள். அரைமணி நேரம் கழித்து யாரோ கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஆட்டத்தையே கலைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து 12 வாட் வெள்ளை எல்இடி பல்பு ஒன்றும் நீளமான எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்றும் எங்கள் பையில் எப்போதும் இருக்கும். மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, இன்வெர்ட்டர் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் குழுவை ஏற்றுக்கொள்வார்களா? குடும்பத்துக்கு மட்டும்தான் தருவோம் என்கிற வீடுகள் நிறைய. ஆண்கள் மட்டும் போனாலும், ஆணும் பெண்ணுமாக நண்பர்கள் போனாலும், எத்தனை பேர், யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்ற பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டிய பிறகு வாசலில் நின்று வாதாடுவது மிகவும் மனம் நோகும் அனுபவம்.

என்ன விளையாடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘விளையாட வருகிறோம்’ என்றால் நம் ஊரில் முதலில் சீட்டும் சூதும்தான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்ட அண்ணன், மேசையில் பகடையும் காகித நாணயமும் கிடப்பதைப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பணம் வைத்து ஆடினால் போலீஸ் வழக்கு வரை போகும், வீட்டுக்காரருக்கும் தலைவலி. பெட்டியைத் திறந்து காட்டி, எப்படி ஆடுவது என்று சொன்னோம். மறுநாள் மாலை அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு இரண்டு சுற்று ஆடினார். அதனால் முதலிலேயே பேசுங்கள், பணத்தை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

விறகு, வெந்நீர், சமையல் ஆகியவை வாடகையில் சேர்ந்தவையா, தனியா? கணப்புக்கு விறகு பெரும்பாலும் தனிக் காசு. இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது என்பார்கள். சரி என்று சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள்.

வரியிலும் ஒரு கண் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள தங்குமிடத்துக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18. மூன்று அறை வீட்டை மொத்தமாக 9,000 என்று ஒரே பில்லில் போடுகிறார்களா, அறை அறையாகத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லும் விலை வரியோடா, வரி இல்லாமலா என்பதையும்தான்.

4. ஆவணங்கள்

எல்லோருடைய ஆதார் அட்டையும், அல்லது படத்துடன் கூடிய வேறு அரசு அடையாள அட்டையும், அசலாக வேண்டும். ஒருவருடையது மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். ஆறு பேருக்கும் கேட்டார்கள். தலைக்கு ஒரு நகலும் எடுத்துப் போங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நண்பர் வந்தால், கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சில சிறிய வீடுகளில் இது பழக்கமில்லாததால் தயங்குவார்கள். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை.

அடுத்தது இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் வாகன அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இது வேண்டும். அரசின் இ-பாஸ் தளத்தில் கைப்பேசி எண் கொடுத்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது. ‘எடுத்துத் தருகிறேன், 200 கொடு’ என்று கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். வாகன எண், வாகன வகை, எத்தனை பேர், எந்த நாள் வருகிறீர்கள், எந்த நாள் திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்களைக் கேட்கும். ஆகையால் வீடு உறுதியான பிறகு எடுங்கள்.

பாஸ் வாகனத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. இங்கேதான் நாங்கள் விழுந்தோம். ஒரு நண்பரின் கார் எண்ணைப் போட்டு ஒரு வாரம் முன்பே பாஸ் எடுத்துவிட்டோம். கிளம்பும் நாள் காலையில் அந்தக் கார் மக்கர் செய்ய, வேறு காரில் கிளம்பினோம். பாஸை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சோதனைச்சாவடியில் எண் பொருந்தவில்லை. ஓரமாக நிறுத்திப் புதிய பாஸுக்கு விண்ணப்பித்தால், கைப்பேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே போயிற்று. வாகனம் மாறினால் வீட்டு வாசலிலேயே பாஸையும் மாற்றுங்கள், அடிவாரத்தில் வேண்டாம். பாஸின் படத்தைக் கைப்பேசியில் சேமித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இருந்தது. இந்த எண்ணிக்கைகள் மாறக்கூடியவை. தேதி முடிவு செய்யும் முன் அரசின் அறிவிப்பை ஒரு தடவை பாருங்கள். அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

5. போய்ச் சேர்வது

மதுரை செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து இரவில் கிளம்பி விடியும் முன்பே கொடை ரோடு நிலையத்தில் நிற்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அன்று காலையே எடுத்துவிடுங்கள். வியாழன் இரவு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கொடை ரோட்டில் ரயில் நிற்பது மிகச் சில நிமிடங்கள். ஆட்டப் பெட்டிகளோடு பத்து நிமிடம் முன்பே கதவருகே போய் நில்லுங்கள்.

அங்கிருந்து மலைக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழி. ஆறு பேரும் பெட்டிகளும் என்றால் வேன் சொல்லிவிடுவதே சுகம். வேனுக்கு இ-பாஸ் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் முதல் நாளே கேளுங்கள். வத்தலக்குண்டில் காலை உணவு கிடைக்கும். வளைவுப் பாதையில் வயிறு புரட்டுகிறவர்கள் அங்கே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி. ஆளுக்கு ஓர் எவர்சில்வர் பாட்டில் போதும். பிளாஸ்டிக் கேரி பைக்கும் தடை உண்டு.

6. ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது

பெட்டியின் ஓரத்தில் எத்தனை பேர் ஆடலாம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்தான் முதல் விதி. கட்டானின் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கு. ஆறு பேர் ஆட வேண்டுமானால் அதற்கான கூடுதல் பெட்டி தனியாக வாங்க வேண்டும். டிக்கெட் டு ரைடு, கார்காசோன் இரண்டும் ஐந்து பேர் வரை. பாண்டமிக் நான்கு. முதல் பயணத்துக்குக் கட்டான் ஒன்றைத்தான் எடுத்துப் போயிருந்தோம். நான்கு பேர் ஆட, இரண்டு பேர் ஜன்னலோரம் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு தூரம் அழைத்து வந்து ஒருவரை வேடிக்கை பார்க்க வைப்பது சரியில்லை. எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆறு பேருக்கு இரண்டே வழி. எல்லோரும் சேர்ந்து ஆடக்கூடியது: செவன் வொண்டர்ஸ் ஏழு பேர் வரை, டிக்ஸிட்டிலும் ஆறு பேர் ஆடலாம். அல்லது மூன்றும் மூன்றுமாகப் பிரிந்து இரண்டு மேசை: ஒன்றில் கட்டான், ஒன்றில் கார்காசோன், முடிந்ததும் ஆட்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு முழு நாளுக்கு நான்கு பெட்டிக்கு மேல் வேண்டாம். இன்னொரு முறை நாங்கள் ஒன்பது கொண்டுபோய், ஐந்தைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தோம்.

பெட்டிகள் விலை அதிகம். எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. போர்டு கேம் கஃபேக்கள் சிலவற்றில் வாடகைக்குக் கிடைக்கும், நண்பர்களிடமும் இருக்கும். இணையத்தில் பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் போலி அச்சு. சீட்டு மெலிதாக இருக்கும், பின்பக்க நிறம் சீட்டுக்குச் சீட்டு மாறும். எந்தச் சீட்டு என்று பின்பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் ஆட்டம் போச்சு.

நம்முடைய ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். தாய ஆட்டத்துக்கு ஒரு கெட்டிச் சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு எடுத்துப் போனால் போதும். வீட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட விடமாட்டார்கள். ஆடுபுலி ஆட்டம் இரண்டு பேருக்கானது, மூன்று புலி, பதினைந்து ஆடு. மற்றவர்கள் எழும் முன் விழித்துக்கொள்ளும் இருவருக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. பல்லாங்குழியும் அப்படித்தான், 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 புளியங்கொட்டையை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். கேரம் பலகையை ரயிலில் சுமக்காதீர்கள். பல காட்டேஜ்களில் அதுவே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

7. இரவுக்கு: தமிழில் ஒரு சொல்லாட்டம்

இதைத் தனியாக எழுதக் காரணம், எங்கள் மூன்று பயணத்திலும் மிக நன்றாக அமைந்தது இதுதான். செலவோ நாற்பது ரூபாய். கோட்நேம்ஸ் என்ற ஆட்டத்தில் 25 சொற்களை ஐந்துக்கு ஐந்தாக மேசையில் பரப்புவார்கள். இரண்டு அணி. ஒவ்வோர் அணியிலும் ஒருவருக்கு மட்டும் எந்தச் சொற்கள் தம் அணிக்குரியவை என்ற வரைபடம் தெரியும். முதலில் ஆடும் அணிக்கு 9 சொல், மற்றதற்கு 8, பொதுவாக 7, தொட்டால் தோற்றுப்போகும் சொல் ஒன்று. தெரிந்தவர் ஒரே ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் குறிப்பாகச் சொல்வார். தோழர்கள் ஊகிக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் பெட்டியில் ஆங்கிலச் சொற்கள். நாங்கள் கெட்டி அட்டையை வெட்டித் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டோம். குறைந்தது நூறு சொல் எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் இருக்க வேண்டும். அதில்தான் ஆட்டத்தின் உயிர். திங்கள், மாலை, ஆறு, படி, கால், நூல், அணி, கல், மடி, இசை, வேலை, பிடி. எழுத உட்கார்ந்தால் தமிழில் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பஞ்சமே இல்லை என்று தெரியும். வரைபடங்களையும் பத்துப் பதினைந்து முன்கூட்டியே கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு கணப்புக்குப் பக்கத்தில் கடைசிச் சுற்று. எதிரணிக்கு இன்னும் ஒரு சொல்தான் பாக்கி, எங்களுக்கு இரண்டு. எங்கள் தோழி “எண், இரண்டு” என்றாள். ‘ஆறு’ மேல் உடனே கை வைத்தோம், சரி. அடுத்தது? மேசையில் வேறு எண் எதுவும் இல்லை. நண்பன் ‘படி’ மேல் விரலைக் கொண்டுபோனான். அளக்கும் படி, ஓரளவு கணக்குத்தானே என்றான். தோழி முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் விறகையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அட்டைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து, ஓரத்தில் கிடந்த ‘கால்’ மேல் இறங்கியது. அரை, கால், அரைக்கால். அந்தக் கால்தான். நாங்கள் போட்ட சத்தத்தில் மணி பத்தேகால் என்பதே மறந்துபோயிற்று. வீட்டைப் பார்த்துக்கொண்ட அண்ணனிடம் மறுநாள் காலை மன்னிப்புக் கேட்டோம்.

8. விதிகளை ஊரிலேயே படித்துவிடுங்கள்

ஒரு பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர். அவர் வீட்டிலேயே பெட்டியைத் திறந்து, தனியாக இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி ஒரு சுற்று ஆடிப் பார்க்க வேண்டும். படித்தது வேறு, ஆடும்போது எழும் சந்தேகம் வேறு. ஒரு வாரம் முன்பு, விதியைத் தமிழில் பத்து வரியில் எழுதியோ ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்தோ குழுவில் போட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு விதிப்புத்தகத்தைப் பிரித்தால் ஒரு மணி நேரம் காலி. புதியவர்கள் பாதியிலேயே சலித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அவர்களைத் திரும்ப உட்கார வைப்பது கடினம்.

சொல்லிக்கொடுக்கும்போது எப்படி ஜெயிப்பது என்பதை முதலில் சொல்லுங்கள். கட்டான் என்றால், “பத்துப் புள்ளி எடுத்தவர் வென்றார், வீடு ஒன்று, நகரம் இரண்டு” என்று தொடங்குங்கள். மற்றவை ஆடும்போது தானே வரும். முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

9. பெட்டி கட்டுவது

கிளம்பும் முன் காய்களை எண்ணி, எண்ணிக்கையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். சிறு காய்களுக்குத் துணிச் சுருக்குப்பை. பாட்டி வெற்றிலை பாக்கு வைத்திருப்பாரே, அதே பைதான். நிறத்துக்கு ஒன்றாக ஐந்தாறு தைக்கச் சொல்லி வாங்கினேன். மலைப்பாதைக் குலுக்கலில் பெட்டி திறந்துகொள்ளாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக நாடா கட்டுங்கள். ரப்பர் பேண்டு போட்டால் மூடி நசுங்கும்.

கூடவே ஒரு ஜமுக்காளம். மேசை மேல் விரித்தால் பகடை உருண்டோடாது, சீட்டை விரலால் எடுப்பதும் எளிது. புள்ளி எழுத நோட்டும் இரண்டு பேனாவும்.

10. சாப்பாடு

சமைப்பதில் இறங்காதீர்கள். ஆறு பேருக்குச் சமைத்துப் பாத்திரம் கழுவினால் ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம் போய்விடும், அதுவும் பெரும்பாலும் ஒரே ஆளுடைய இரண்டு மணி நேரம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சமைத்துத் தருவார் என்றால், சனிக்கிழமைக்கான மூன்று வேளையையும் நேரத்தோடு வெள்ளி மாலையே சொல்லிவிடுங்கள். மலையில் நினைத்தவுடன் வாங்கி வர முடியாது.

மேசைக்குப் பக்கத்தில் கொறிப்பது எண்ணெய் இல்லாததாக இருக்கட்டும்: பொரி, வறுத்த கடலை, உலர் திராட்சை, பொட்டுக்கடலை உருண்டை. முறுக்கும் மிக்சரும் வேண்டும் என்றால் கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன். காப்பி டம்ளருக்கு மேசையில் இடமே கிடையாது. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதில் வையுங்கள். ஒரு டம்ளர் சாய்ந்து பதினோரு சீட்டு நனைந்து, ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி ஜன்னலோரம் காய வைத்த பிறகு இந்த விதியை எழுதிக்கொண்டோம்.

11. அந்த நாள்

காலை 9 முதல் 12.30 வரை மூளைக்கு வேலை தரும் பெரிய ஆட்டம். தெளிவு அப்போதுதான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் ஓய்வு, தூக்கம், சிறு நடை. இதை வெட்டாதீர்கள், வெட்டியபோது நான்கு மணிக்கெல்லாம் எல்லோரும் சிடுசிடுத்தோம். 3.30 முதல் 7.30 வரை ஆட்களை மாற்றி இரண்டாவது பெரிய ஆட்டம், நடுவில் சுக்குக் காப்பி. இரவு சாப்பிட்டுவிட்டு சொல்லாட்டம். கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டு, வீட்டில் குழந்தையையோ வயதானவரையோ விட்டுவந்தவருடையதை மட்டும் மேசையில் வையுங்கள்.

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள். மூன்றாவது முறையும் அவரே கடைசி என்றால், அடுத்தது எல்லோரும் ஓரணியில் ஆடும் ஆட்டமாகவோ அவர் தேர்ந்தெடுக்கும் ஆட்டமாகவோ இருக்கட்டும்.

12. எங்கள் செலவு

பிப்ரவரிப் பயணம், ஆறு பேர், இரண்டு இரவு. ரயில் போக வர ஸ்லீப்பரில் 3,900. வேன் இரு வழியும் 7,000. வீடு இரவுக்கு 6,000 வீதம் வரியோடு 12,600. சாப்பாடு 5,400. விறகு 800. வழிச் செலவு 1,200. மொத்தம் 30,900 ரூபாய், ஆளுக்கு 5,150. வீட்டுக்காரருக்கு முன்பணம் கட்டும் அன்றே எல்லோரிடமும் பாதியை வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்தவர் கடைசி நேரத்தில் பின்வாங்க மாட்டார். ஆறு பேர் ஐந்தானால் ஆட்டத் தேர்வு முதல் எல்லாமே மாறிவிடும்.

13. காலி செய்யும் காலை

ஞாயிறு எழுந்ததும் புதிய ஆட்டம் எதையும் பிரிக்காதீர்கள். மூடியில் ஒட்டிய தாளைப் பார்த்துக் காய்களை எண்ணுங்கள். குறைந்தால் முதலில் ஜமுக்காளத்தை உதறுங்கள், பிறகு சோபா மெத்தையின் மடிப்பு, கணப்பின் ஓரம், எல்லோருடைய ஸ்வெட்டர் பை. எங்கள் கார்காசோனின் 72-ஆவது ஓடு ஸ்வெட்டர் பையில்தான் இருந்தது. வேன் 11 மணிக்கு என்றால் ஓட்டுநரிடம் 10.30 என்று சொல்லுங்கள். மாலை இறக்கத்தில் வண்டிகள் வரிசை கட்டும், ஆகவே பகலிலேயே இறங்கிவிடுவது நல்லது. கொடை ரோட்டில் ரயிலுக்கு நேரம் இருக்கும். ஆடுபுலிச் சார்ட்டை மட்டும் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.